லெயோனிக்கு வந்த கடிதங்கள்

கல்லறைத் திருநாள் வாரத்தில் ஒரு காலை, தானர் தெரு ஒன்பதாம் எண் வீட்டு வாசலில் ஏழு சாமந்தித் தொட்டிகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் சாமந்தி கல்லறைக்கு மட்டும் போகும் பூ. உயிரோடு இருப்பவர் வாசலில் அதைக் கொண்டுபோய் வைப்பதற்கு மனம் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். கதவு திறந்தது. நதேஜ் தெலியே தலையில் துண்டோடு நின்றாள். தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஏம்ப்பா ரெமி, நான் செத்துட்டேனா? ஊர்ல உனக்குத்தான் எல்லா சேதியும் முதல்ல வரும். சொல்லு."

"இல்ல மதாம். செத்தவங்களுக்கு மின்கட்டண நோட்டீஸ் வராது. இந்தாங்க."

சிரித்தாள். ஆனால் அந்த நோட்டீசோடு நான் கொடுத்த பதினாலு கடிதங்களில் ஒன்றுகூட அவள் பேருக்கு இல்லை. எல்லாம் 'லெயோனி' என்ற பெண்ணுக்கு வந்தவை. அப்படி ஒருத்தி அந்த வீட்டில் இல்லை. எங்கேயும் இல்லை. அவள் ஒரு நாவலில் செத்துப்போனவள்.

நான் வெர்னுவாவில் இருபத்தாறு வருடம் தபால் கொடுத்தவன். சார்த் ஆற்றின் வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் அது. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக் கணவன் கடிக்க மாட்டான் ஆனால் குரைப்பான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நதேஜைப் பற்றி விசேஷமாகத் தெரிந்துகொள்ள அதுவரை எதுவும் இருந்ததில்லை. முப்பத்தோரு வருடம் ஆரம்பப் பள்ளி மதிய உணவுக் கூடத்தில் சமைத்தாள். இந்த ஊரில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் அவள் கையால் லீக் வெங்காயத்தாள் சூப்பும் உருளைக்கிழங்கு மசியலும் தின்று வளர்ந்தவர்கள். கணவன் கில்பேர் லாரி ஓட்டியவன். ஆறு வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டை அவர்கள் 1986இல், ரொஜே பெர்த்தலோ என்ற கொத்தனார் இறந்தபின் அவருடைய அக்கா மகனிடமிருந்து வாங்கினார்கள். இவ்வளவுதான் அவள் கதையாக இருந்தது, ஃப்ளோரான் மொப்ரே அந்த முகவரியை எழுதும்வரை.

மொப்ரேயை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் அப்போது யாருக்கும் இல்லை. ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு நாவல். பல்பொருள் அங்காடியில் பாலாடைக்கட்டி வரிசைக்கு எதிரே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். ரயிலில் ஒரு பெட்டிக்கு நாலு பேர் கையிலாவது இருக்கும். முடிதிருத்தும் கடை, பல் மருத்துவர் வரவேற்பறை, கடற்கரை மணல், எல்லா இடத்திலும் அந்தக் கழுத்தை மூடிய கறுப்புச் சட்டையும் வெளிறிய கண்களும் அட்டையின் பின்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பாரிஸ் விமர்சகர்களுக்கு அவர் பெயரைச் சொன்னாலே முகம் கோணும். என் மனைவிக்கு அவர் புத்தகம் முடியும்வரை சமையல் நினைவு வராது. எப்போதும் ஒரே மாதிரிக் கதைதான்: ஒரு வீடு, அதில் ஒரு பெண், சொல்லாத ஏதோ ஒன்று. ஆனால் கீழே வைக்க முடியாது.

அவருடைய பதினேழாவது நாவல் 'ஈரச் சுவர்'. வெர்னுவா, தானர் தெரு, ஒன்பதாம் எண் வீட்டில் லெயோனி என்ற பெண் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறைக்குள் இறங்குகிறாள். மேலே வரவில்லை. கணவன் அவளை அங்கிருந்த பழைய கிணற்றில் தள்ளிச் சுவர் எழுப்பிவிடுகிறான். முந்நூற்றுச் சொச்சம் பக்கம் யாருமே அவளைத் தேடுவதில்லை. தொலைக்காட்சியில், "இந்த ஊர் எப்படி உங்களுக்குக் கிடைச்சது?" என்று கேட்டபோது மொப்ரே தோளைக் குலுக்கினார். வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்தாராம். ஒன்பது அவருக்குப் பிடித்த எண்ணாம்.

கோடைக்குள் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் எதிர்ச்சாரியில் நின்று படம் எடுத்தார்கள். பிறகு கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஒரு தம்பதி நதேஜ் கதவைத் திறந்ததும் கத்திவிட்டார்கள். ரொட்டிக் கடைக்கார அம்மாவுக்கு வியாபாரம் கூடியது, நாக்கும் நீண்டது.

"வாங்க வாங்க, கிணத்துல இருந்து இன்னிக்கு எத்தன மணிக்கு ஏறினீங்க?" என்பாள் நதேஜைப் பார்த்து.

"உன் ரொட்டி வேகுற நேரத்துக்குள்ள ஏறி இறங்கிடலாம். பாதி மாவாத்தானே விக்கிற."

இப்படிப் பதில் சொல்லிவிட்டு வருவாளே தவிர, அவளுக்கு உள்ளே ஏதோ அரித்துக்கொண்டிருந்தது என்பது எனக்குக் கடிதங்கள் மூலமாகத்தான் தெரிந்தது. லெயோனிக்கு வந்தவற்றை முதலில் அடுப்பில் போட்டாள். பிறகு ஒன்றைப் பிரித்தாள். லீல் நகரத்திலிருந்து ஒரு பெண். 'நீ இல்லை என்று எனக்குத் தெரியும் லெயோனி. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அவர் கூப்பிடும்போது நானும் கீழே இறங்குகிறேன்' என்று இருந்தது. நதேஜ் அதை இரண்டு நாள் மேஜைமேல் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் நான் போனபோது ஒட்டிய உறையை நீட்டினாள்.

"என்ன எழுதினீங்க?"

"நான் லெயோனி இல்ல, பள்ளிக்கூடத்துச் சமையக்காரின்னு எழுதினேன். இறங்காத, பை எடுத்துக்கிட்டுக் கிளம்புன்னு எழுதினேன். வேற என்னத்த எழுத?"

அதிலிருந்து வாரம் பத்துப் பன்னிரண்டு பதில் போகும். கோடு போட்ட தாளில், பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதிய அதே பெரிய எழுத்தில். லீல் பெண் ஒருநாள் உண்மையாகவே பையோடு வந்து இறங்கினாள். மூன்று வாரம் மாடி அறையில் இருந்துவிட்டு, லவாலில் வேலை கிடைத்துப் போனாள். அவள் போகும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள்: "அந்த வீட்ல மதாம் தனியா இருக்க வேணாம். கீழ யாரோ காத்திருக்கிற மாதிரி இருக்கு. கெட்டது இல்ல. ஆனா காத்திருக்கு."

நான் அதை நதேஜிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

நாவலை அவள் அதுவரை படித்திருக்கவில்லை. பிடிவாதமாக ஒதுக்கி வைத்திருந்தாள். அந்த நவம்பரில்தான், சாமந்தித் தொட்டிகள் வந்த பிறகு, படித்தாள். மறுநாள் என்னை உள்ளே கூப்பிட்டுக் காபி ஊற்றினாள். புத்தகத்தைத் திறந்து ஒரு பத்தியை விரலால் தட்டினாள்.

"பதிமூணு படி. போட்டிருக்கு. என் வீட்லயும் பதிமூணு. சரி, எந்த வீட்லயும் இருக்கும். பதினோராவது படி இடது பக்கம் ஆடும். போட்டிருக்கு. என் வீட்லயும் ஆடும். கில்பேர் எத்தன வாட்டி ஆணி அடிச்சான், நிக்கவே நிக்காது. கீழ வடக்குச் சுவர் மட்டும் வேர்க்கும், வெயில் காலத்துலயும். இதுவும் போட்டிருக்கு. முப்பத்தோரு வருஷமா அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல உருளைக்கிழங்கு வச்சா முளை விட்டுடும்னு தள்ளி வைக்கிறேன் ரெமி. அத இவன் எழுதியிருக்கான். உருளைக்கிழங்கத் தள்ளி வைக்கிறத."

"யாராவது சொல்லியிருப்பாங்க."

"யாரு? நீ என் நிலவறைக்கு வந்திருக்கியா?"

வந்ததில்லை. அன்று போனேன். விளக்கைப் போட்டுக்கொண்டு பதிமூன்று படி இறங்கினோம். பதினோராவது இடது பக்கம் அழுந்தியது. வடக்குச் சுவரில் கை வைத்தேன். குளிர்காலத்து ஈரம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; அது கல்லின் குளிர்ச்சி. இது அப்படி இல்லை. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதுபோல இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, "மழைத்தண்ணி" என்றேன்.

தை மாதக் குளிரில் ஒரு கடிதம் வந்தது. நடுங்கும் எழுத்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் முதியோர் இல்லத்தின் முத்திரை. எழுதியவள் பெயர் லூசெத் கார்னோ. நதேஜ் அதை எனக்குப் படித்துக் காட்டினாள்.

'லெயோனி, நீ பச்சை ஏப்ரன் கட்டியிருக்கிறாய், அதன் பையைச் சிவப்பு நூலால் தைத்திருக்கிறது என்று அந்த ஆள் எழுதியிருக்கிறார். அந்தப் பையைத் தைத்தது நான். 1961. எனக்குப் பத்தொன்பது வயது, அந்த வீட்டுத் துணிகளைத் துவைத்துக் கொடுப்பேன். பச்சை நூல் தீர்ந்துவிட்டதால் சிவப்பில் தைத்தேன். அவள் பெயர் லெயோனி இல்லை. சிமோன். யாரோ விற்பனைக்காரனோடு பாரிஸுக்கு ஓடிவிட்டாள் என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொன்னார். ஆனால் நான் துணி எடுக்கப் போனபோது அவள் காலணி வாசலிலேயே இருந்தது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான். வெறுங்காலோடு யாராவது பாரிஸுக்குப் போவார்களா? எனக்கு அப்போது கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் மாதா கோவிலில் முதல் வரிசையில் பாடுபவர்.'

நதேஜ் தாளை மடித்தாள். பிறகு, "எழுதினவர்கிட்டயே கேட்டுடறேன்" என்றாள்.

அடுத்த மாதம் பக்கத்து நகரத்துப் புத்தகக் கடையில் மொப்ரே கையெழுத்துப் போட வந்தார். நான்தான் காரில் கூட்டிப்போனேன். வரிசை கடையைத் தாண்டி, மருந்துக்கடையைத் தாண்டி, சதுக்கத்து நீரூற்றுவரை நின்றது. கைக்குழந்தையோடு பெண்கள், பணிநேரத்தில் நழுவிவந்த ஆண்கள். ஒரு பெண் அவர் கையைத் தொட்டதும் அழுதுவிட்டாள். அவர் எல்லாரையும் ஒரே கனிவோடு பார்த்தார், யாரையும் பார்க்காதவர்போல. இரண்டு மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தது.

"யார் பெயருக்கு?" என்றார், பேனாவைத் தூக்கிக்கொண்டு.

"புத்தகம் கொண்டுவரல. நான் தானர் தெரு ஒம்போதாம் நம்பர்ல குடியிருக்கேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

"அப்படியா! தொந்தரவுக்கு மன்னிச்சிடுங்க மதாம். நான் அந்த ஊருக்கே வந்ததில்ல, சத்தியமா."

"வந்ததில்லைன்னா இதப் படிங்க." லூசெத்தின் கடிதத்தை அவர் முன் வைத்தாள்.

படித்தார். பேனா மூடியை மூடினார். திறந்தார். மூடினார். கடைக்காரப் பெண் பதறிப்போய் அருகில் வந்தாள். அவர் அவளைக் கவனிக்கவே இல்லை.

"நான் அனாதை விடுதிப் பையன்," என்றார் மெதுவாக. "குடும்பங்கள்ல விட்டு வளர்ப்பாங்களே, அந்த மாதிரி. ஏழு வயசுக்கு முன்னாடி எதுவுமே ஞாபகம் இல்ல. எந்த ஊரு, யாரு வீடு, எதுவும். எல்லாப் பேட்டியிலயும் பெருமையாச் சொல்லுவேன், ஞாபகம் இல்லாததாலதான் கற்பனை வருதுன்னு."

"எத்தன வீட்ல வளர்ந்தீங்க?"

"அதுவும் தெரியாது."

அந்த வாரமே செவ்வாய்க்கிழமை மதியம் வந்தார். நதேஜ் என்னையும் இருக்கச் சொல்லியிருந்தாள். புகைப்படக்காரர் இல்லை, பதிப்பகத்து ஆள் இல்லை. சாம்பல் நிறக் கோட்டில் தனியாக வந்தார், முன்பே பார்த்திருக்காவிட்டால் காப்பீட்டு முகவர் என்று நினைத்திருப்பேன். கூடத்தில் எதையும் அவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சூப் கொடுத்தாள், குடித்தார். எங்களுக்கே கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது. எல்லாம் தற்செயல்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நிலவறைக் கதவை நதேஜ் திறந்தாள். அவர் வாசற்படியில் நின்றார். அவருடைய வலது கை தானாகப் போனது. விளக்கின் விசை இருக்கும் தோள் உயரத்துக்கு அல்ல. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, சுவரைத் தடவிக்கொண்டு. உயரமான மனிதர், அதற்காகக் குனிய வேண்டியிருந்தது.

"இங்க ஒரு கட்டை இருக்குமே," என்றார். "என் கோட்டு மாட்டுற கட்டை."

நதேஜ் என்னைப் பார்த்தாள். அங்கே வண்ணப்பூச்சுதான் இருந்தது. பிறகு ஒருநாள் அதைச் சுரண்டிப் பார்த்தோம். சுண்ணாம்பால் அடைத்த ஒரு துளை, நாலு வயதுக் குழந்தையின் கை எட்டும் உயரத்தில்.

அவர் மூன்றாவது படியில் உட்கார்ந்துகொண்டார். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு. கீழே பார்த்தார்.

"பதினோராவது படியில நிக்கக் கூடாது," என்றார். "சத்தம் வரும்."

"யாரு சொன்னாங்க முஸ்யே?" நதேஜ் கேட்டாள். அவள் குரலே மாறிவிட்டிருந்தது. மதிய உணவுக் கூடத்தில் சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளிடம் பேசும் குரல் அது.

"ரொஜே."

அந்தப் பெயர் நாவலில் இல்லை. லூசெத்தின் கடிதத்திலும் இல்லை. வீட்டுப் பத்திரத்தில் இருந்தது, அது நதேஜின் அலமாரியில் இருந்தது.

"சிமோன் எங்க?" என்றாள் நதேஜ்.

"கீழ போயிருக்காங்க. வந்துடறேன், நீ இங்கேயே உக்காருன்னு சொன்னாங்க. நான் உக்காந்திருக்கேன். ரொஜே மட்டும் வந்தாரு. கையெல்லாம் சுண்ணாம்பு. என்னைத் தாண்டிப் போனாரு, பாக்கவே இல்ல." அவர் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தார். வெளிறிய கண்கள், அட்டையில் பார்த்த அதே கண்கள். "நான் எந்திரிக்கவே இல்ல. அவங்க உக்காரச் சொன்னாங்க இல்ல?"

அறுபது வயது மனிதர். அவரை எழுப்பிக் கூடத்துக்குக் கொண்டுவர எங்கள் இருவருக்குமே சிரமமாக இருந்தது.

போலீஸ் வந்து வடக்குச் சுவரைத் திறக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒரு செங்கல் கனம்தான். பின்னால் கிணறு. அடியில் எலும்புகள், ஒரு சீப்பு, நாலு எலும்புப் பொத்தான்கள். காலணி இல்லை. முதியோர் இல்லத்தில் லூசெத்திடம் இதைச் சொல்ல நதேஜ்தான் போனாள். அந்தக் கிழவி கையை நீட்டி நதேஜின் கன்னத்தில் ஒன்று வைத்தாளாம், பலமாக இல்லை. "அம்பத்தாறு வருஷம் என்ன பண்ணே?" என்று. தன்னைத்தான் கேட்டுக்கொண்டாள் என்பது நதேஜுக்குப் புரிந்தது. அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள்.

செய்தி வெளியானதும் நாடே தலைகீழானது. 'ஈரச் சுவர்' மறுபடி அச்சுக்குப் போனது. தானர் தெருவில் தொலைக்காட்சி வண்டிகள் நின்றன. நதேஜ் ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஜன்னலிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியதில் ஒரு நிருபரின் மைக் கெட்டுப்போனது. மொப்ரே பேட்டி கொடுக்கவில்லை. அந்த மார்ச்சில் அவர் நாவல் வரவில்லை. அங்காடியில் அந்த இடத்தில் ஈஸ்டர் சாக்லேட் அடுக்கினார்கள். அதற்குப் பிறகும் வரவில்லை.

சிமோன் பெர்த்தலோவை எங்கள் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம், கணவன் கிடக்கும் வரிசையிலிருந்து முடிந்த அளவு தூரத்தில். அது நதேஜின் பிடிவாதம். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்தபின் மொப்ரே அவளிடம் வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"மதாம், இன்னும் பதினாறு புத்தகம் எழுதியிருக்கேன்," என்றார்.

"தெரியும்."

"ஒவ்வொண்ணுலயும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்லயும் ஒரு பொம்பள. பேரிக்காய் மரத்துக்கு அடியில ஒருத்தி. பரண்ல ஒருத்தி. குளத்துல ஒருத்தி. எல்லாம் நானா நினைச்சுக்கிட்டதுன்னு நினைச்சேன். இப்ப எது நினைச்சது, எது பாத்ததுன்னு எனக்குத் தெரியல. கோடிப் பேரு படிச்சுட்டாங்க. யாருக்கும் தெரியல."

நதேஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லா வீடும் இப்படி இருக்காது. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அவர் அரசாங்கத்துக்கு எழுதித் தன் பழைய கோப்பை வாங்கினார். ஏழு வயதுக்குள் நாலு வீடுகள். மூன்றாவது வெர்னுவா. மற்ற மூன்றையும் பார்க்கத் தனியாகப் போகப் பயந்தார். உலகம் முழுக்க மனிதர்களைப் பயமுறுத்தியவர் அவர். துணைக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரியைக் கூப்பிட்டார். அவள் போனாள். சாண்ட்விச் கட்டிக்கொண்டு, என்னையும் வண்டி ஓட்டச் சொல்லி.

முதல் வீட்டில் யாரும் சாகவில்லை. அங்கே அவரை வளர்த்த பெண் தொண்ணூற்றொரு வயதில் ஆங்கர் பக்கம் உயிரோடு இருந்தாள். அவரை அவளுக்கு ஞாபகமே இல்லை. இவர் ஒரு மணி நேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வீட்டில் குளம் இருந்தது. முழங்கால் ஆழம், வாத்துகள். நதேஜ் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நடந்தே காட்டினாள். "பாருங்க, இங்க ஒருத்தி முழுகணும்னா படுத்துக்கணும்!" என்றாள். மொப்ரே வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் நான் முதலில் பார்த்தேன்.

நாலாவது வீடு இல்லை. இடித்துவிட்டு அங்கே பெரிய அங்காடி கட்டியிருந்தார்கள், முன்னால் ஐந்நூறு கார் நிறுத்தும் தார்த் தளம். பேரிக்காய் மரம் எந்தப் பக்கம் இருந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. தள்ளுவண்டிகளோடு ஜனங்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். அவர் தளத்தின் நடுவில் நின்று, காலுக்குக் கீழே இருந்த தாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க ஒருத்தி இருந்தாலும், எப்பவும் தெரியப்போறதில்ல," என்றார்.

"இல்ல. தெரியாது," என்றாள் நதேஜ். பொய்யான ஆறுதல் சொல்லும் வழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது. குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவள் தோள் நனைந்துகொண்டிருந்தது. அவர் கிளம்பத் தயாராகும்வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கேயே அவரோடு நின்றாள்.